சாகோஸ்: ஒரு தீவுக்கூட்டத்தைப் பிரித்தெடுத்த சட்டமும் திருப்பிக் கேட்ட சட்டமும்

1965 செப்டம்பர் 23 அன்று லண்டனில் பிரிட்டிஷ் பிரதமர் ஹரால்ட் வில்சனும் மொரீஷியஸ் தலைவர் சீவுசாகூர் ராம்கூலமும் சந்தித்தார்கள். மொரீஷியஸ் அப்போது பிரிட்டனின் காலனி. அதற்கு விடுதலை தருவதா, எந்த வடிவில் தருவது என்று லங்காஸ்டர் மாளிகையில் மாநாடு நடந்துகொண்டிருந்தது. சந்திப்புக்கு முன் வில்சனின் தனிச்செயலர் அவருக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்திருந்தார். ராம்கூலத்தை நம்பிக்கை காட்டிப் பயமுறுத்துவதுதான் நோக்கம் என்றது அந்தக் குறிப்பு. விடுதலை கிடைக்கலாம் என்பது நம்பிக்கை. சாகோஸ் தீவுகளைப் பிரித்துக் கொடுப்பதில் புத்தியோடு நடந்துகொள்ளாவிட்டால் கிடைக்காமலும் போகலாம் என்பது பயம்.

அன்றைக்கே ராம்கூலம் கொள்கையளவில் இணங்கினார். நவம்பர் 5-ல் மொரீஷியஸ் அமைச்சரவையும் தலையசைத்தது. நவம்பர் 8-ல், பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்காமல், அரசியின் பெயரில் பிறப்பித்த ஓர் ஆணையால் 'பிரிட்டிஷ் இந்தியப் பெருங்கடல் பிரதேசம்' உருவானது. உலகெங்கும் காலனிகள் விடுதலை பெற்றுக்கொண்டிருந்த பத்தாண்டின் நடுவில் புதிதாக ஒரு காலனி பிறந்தது.

காலனியம் சர்வதேசச் சட்டத்துக்குள் எங்கெல்லாம் குடியிருக்கிறது என்று தேடினால் உதாரணங்கள் நிறையக் கிடைக்கும். ஆப்பிரிக்காவைப் பங்கு போடும் விதிகளை வகுத்த 1884-85 பெர்லின் மாநாடு அவற்றில் ஒன்று. சட்டத்தின் பொதுக் கோட்பாடுகளை 'நாகரிக நாடுகள்' ஏற்றவை என்று சர்வதேச நீதிமன்றச் சட்டத்தின் 38-வது பிரிவு இன்றைக்கும் குறிப்பிடுவது இன்னொன்று. ஆனாலும் சாகோஸ் வழக்கைத்தான் எடுத்துக்கொள்கிறேன். ஒரு மக்கள் கூட்டத்தை மண்ணிலிருந்து பெயர்க்க உதவியதும் சட்டம்தான். ஐம்பது ஆண்டுகள் கழித்து அது குற்றம் என்று சொன்னதும் சட்டம்தான். அப்படிச் சொன்ன பிறகும், பெயர்க்கப்பட்டவர்களிடம் யாரும் நேராகக் கேட்கவில்லை. மொரீஷியஸ் என்ற அரசுக்குக் கிடைத்த நீதி, சாகோஸ் மக்கள் கைக்கு வந்து சேரும்போது ஏன் அத்தனை சுருங்கிப்போனது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

தீவும் தீவுக்காரர்களும்

மாலத்தீவுக்குத் தெற்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தூரத்தில், ஏழு பவளத் திட்டுகளில் சுமார் 60 சிறு தீவுகள். இதுதான் சாகோஸ். மொரீஷியஸிலிருந்து இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல். இருப்பதிலேயே பெரியது டியாகோ கார்சியா. வடக்கே பெரோஸ் பானோஸ், சாலமன் ஆகிய திட்டுகளிலும் ஊர்கள் இருந்தன.

18-ம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர்கள் மடகாஸ்கரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் அடிமைகளைக் கொண்டுவந்து இங்கே தென்னந்தோட்டம் போட்டார்கள். நெப்போலியனின் தோல்விக்குப் பிறகு, 1814 பாரிஸ் உடன்படிக்கையில் மொரீஷியஸும் அதன் சார்புத் தீவுகளும் பிரிட்டனுக்குக் கைமாறின. அடிமை முறை ஒழிந்த பிறகு இந்தியாவிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகள் சிலர் வந்து சேர்ந்தார்கள். ஐந்தாறு தலைமுறைகளில் இவர்கள் எல்லோரும் கலந்து, தங்களுக்கென, பிரெஞ்சிலிருந்து கிளைத்த ஒரு கிரியோல் பேச்சும் செகா பாட்டும் தேவாலயமும் இடுகாடும் கொண்ட ஒரே மக்களானார்கள். தேங்காய் உரிப்பது, பருப்பைத் தோண்டிக் கொப்பரையாகக் காயவைப்பது, எண்ணெய் ஆட்டுவது வேலை. மீதி நேரத்தில் மீன்பிடி, வீட்டைச் சுற்றித் தோட்டம், கோழி, பன்றி, நாய். சில மாதங்களுக்கு ஒருமுறை மொரீஷியஸ் கப்பல் அரிசியும் மாவும் இறக்கிவிட்டு எண்ணெயும் கொப்பரையும் ஏற்றிப் போகும். கம்பெனி ஆட்சிதான், கூலியும் குறைவுதான். அதைச் சொர்க்கம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது அவர்களுடைய ஊர். பிறந்தவர்களின் ஞானஸ்நானப் பதிவும் இறந்தவர்களின் கல்லறையும் அங்கேதான் இருந்தன.

பேரம்

1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடற்படை இந்தியப் பெருங்கடலில் ஒரு தளம் தேடியது. மக்கள் நிறைந்த நாட்டில் தளம் போட்டால், நாளைக்கு ஆட்சி மாறி வெளியே போ என்று சொல்லிவிடலாம். ஆளில்லாத, காலனி ஆட்சியின் கீழேயே தொடரக்கூடிய சிறிய தீவு என்றால் அந்தக் கவலை இல்லை. டியாகோ கார்சியா அந்த அளவுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது, அங்கே ஆட்கள் வாழ்ந்தார்கள் என்ற ஒன்றைத் தவிர.

மொரீஷியஸுக்கு 30 லட்சம் பவுண்டு கொடுக்கப்பட்டது. மீன்பிடி உரிமையை முடிந்தவரை விட்டுக்கொடுப்பதாகவும், பாதுகாப்புத் தேவை முடிந்ததும் தீவுகளைத் திருப்பித் தருவதாகவும் பிரிட்டன் வாக்களித்தது. 1966 டிசம்பர் 30-ல் அமெரிக்காவுடன் கடிதப் பரிமாற்றமாக ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முதலில் 50 ஆண்டு, பிறகு 20 ஆண்டு நீட்டிப்பு. வெளியே சொல்லாத பகுதி ஒன்றும் அதில் இருந்தது: பிரிட்டன் வாங்கவிருந்த போலாரிஸ் ஏவுகணைகளுக்கான ஆராய்ச்சிக் கட்டணத்தில் 1 கோடியே 40 லட்சம் டாலர் வரை அமெரிக்கா தள்ளுபடி செய்யும்.

இது நடந்தபோது சர்வதேசச் சட்டம் வாய்மூடி இருக்கவில்லை. 1960 டிசம்பர் 14-ல் ஐ.நா. பொதுச்சபை 1514-ம் தீர்மானத்தை நிறைவேற்றியிருந்தது. ஆதரவு 89, எதிர்ப்பு பூஜ்யம், ஒதுங்கியவை 9. ஒதுங்கியவற்றில் பிரிட்டனும் ஒன்று. எல்லா மக்களுக்கும் சுயநிர்ணய உரிமை உண்டு, ஒரு நாட்டின் நிலப்பரப்பைத் துண்டாட முயல்வது ஐ.நா. சாசனத்துக்கு முரண் என்றது அது. சாகோஸைப் பிரித்த அடுத்த மாதமே, 1965 டிசம்பர் 16-ல், 2066-ம் தீர்மானம் மொரீஷியஸின் பெயரைச் சொல்லியே அதைத் துண்டாட வேண்டாம் என்று பிரிட்டனைக் கேட்டுக்கொண்டது.

இங்கேதான் லண்டன் அதிகாரிகள் சாசனத்தைக் கவனமாகப் படித்தார்கள். 73-வது பிரிவின்படி, சுயாட்சி பெறாத மக்களை ஆளும் நாடு அவர்களின் நலனைப் புனிதப் பொறுப்பாக ஏற்று ஐ.நா.வுக்கு அறிக்கை தர வேண்டும். மக்களே இல்லையென்றால் பொறுப்பும் இல்லை, அறிக்கையும் இல்லை. ஆகவே சாகோஸில் நிரந்தரக் குடிகள் யாரும் இல்லை, இருப்பவர்கள் மொரீஷியஸிலிருந்தும் செஷல்ஸிலிருந்தும் வந்துபோகும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று எழுதத் தொடங்கினார்கள். 1966 ஆகஸ்டில் வெளியுறவு அலுவலகத்தின் மூத்த அதிகாரி ஒருவர், நமக்குச் சில பாறைகள் வேண்டும், அங்கே கடற்பறவைகளைத் தவிர உள்ளூர்க் குடிகள் இருக்க மாட்டார்கள் என்று எழுதினார். அதன் கீழேயே இன்னோர் அதிகாரி, துரதிர்ஷ்டவசமாகப் பறவைகளோடு சில டார்சன்களும் இருக்கிறார்கள், அவர்களை மொரீஷியஸ் தலையில் கட்டிவிடலாம் என்று குறிப்பு வைத்தார். 1970-ல் ஒரு சட்ட ஆலோசகர் இன்னும் வெளிப்படையாக, நிரந்தரக் குடிகள் இல்லை என்ற புனைவைத் தொடர்ந்து காப்பாற்றுவது பற்றியே எழுதினார்.

இந்தக் குறிப்புகளை இனவெறி என்று சொல்லிவிட்டுக் கடந்துவிடக் கூடாது. இனவெறிதான், சந்தேகமே இல்லை. ஆனால் அதைவிட முக்கியமானது, அவை சட்டம் நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியவை. சட்டத்தை மீறுவதைவிட, அந்தச் சட்டம் தொட முடியாத ஓர் இடத்தில் மனிதர்களை நிறுத்தி வைப்பது எளிது என்று கண்டுகொண்டவர்களின் எழுத்து அது. தென்னந்தோட்டத்துக்கு ஆள் பிடித்துக் கொண்டுவந்த அதே ஆட்சி, ஆள் பிடித்துக் கொண்டுவந்ததையே காரணம் காட்டி அவர்களுக்கு அந்த மண் சொந்தமில்லை என்றது.

வெளியேற்றம்

1967-ல் பிரிட்டன் தோட்டங்களை விலைக்கு வாங்கியது. அதன்பின் மருத்துவத்துக்கோ உறவினரைப் பார்க்கவோ மொரீஷியஸ் போனவர்கள் திரும்பக் கப்பலேற முடியவில்லை. தீவு மூடிவிட்டது என்று துறைமுகத்தில் சொல்லி அனுப்பினார்கள். பிற்பாடு இந்தப் போராட்டத்தின் முகமாக ஆன ஒலிவியே பான்குல்ட்டின் குடும்பம் அப்படிச் சிக்கியதுதான். பெரோஸ் பானோஸில் பிறந்த அவர் சின்னப் பையனாக இருந்தபோது, காயமடைந்த சகோதரியின் சிகிச்சைக்காக 1968-ல் மொரீஷியஸ் வந்தார்கள்; திரும்பிப் போக வழியில்லாமல் போனது. தீவில் மிஞ்சியவர்களுக்கு உணவுக் கப்பல்கள் குறைந்தன.

1971-ல் குடிவரவு ஆணை ஒன்று வந்தது. அனுமதிச் சீட்டு இல்லாமல் தீவில் இருப்பதே குற்றம். தளம் கட்ட அமெரிக்கர்கள் வந்து இறங்கினார்கள். மக்களின் நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்து, வாகனப் புகையைச் செலுத்திக் கொன்றார்கள். குழந்தைகள் அதைப் பார்த்தார்கள். அடுத்தது நமக்கா என்ற பயத்தோடுதான் பலரும் கப்பலேறினார்கள் என்று பிறகு சாட்சி சொன்னார்கள். டியாகோ கார்சியா 1971-ல் காலியானது, சாலமன் 1972-ல், பெரோஸ் பானோஸ் 1973-ல். மொத்தம் ஏறத்தாழ 1,500 முதல் 2,000 பேர் வரை.

பெரோஸ் பானோஸிலிருந்து கடைசிக் கப்பலில் வந்தவர் லிஸ்பி எலிசே. 2018 செப்டம்பரில் சர்வதேச நீதிமன்றத்தில் அவருடைய சாட்சியம் காணொளியாக ஓடியது. தனக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் பேசிப் பதிவு செய்த சாட்சியம், கிரியோல் மொழியில். அந்தக் கப்பலில் விலங்குகளைப் போல, அடிமைகளைப் போல இருந்தோம், துயரத்திலேயே ஆட்கள் இறந்துகொண்டிருந்தார்கள் என்றார். அப்போது அவர் நான்கு மாதக் கர்ப்பிணி. பிறந்த குழந்தை உயிரோடு தங்கவில்லை.

மொரீஷியஸில் இறங்கியவர்களுக்கு வீடும் இல்லை, அவர்களுக்குத் தெரிந்த வேலையும் இல்லை. பிரிட்டன் 1972-ல் மொரீஷியஸ் அரசுக்குக் கொடுத்த 6,50,000 பவுண்டு மக்களின் கைக்குப் போய்ச் சேரவே ஆண்டுகள் ஆயின. 1982-ல் இன்னொரு 40 லட்சம் பவுண்டு வந்தது. அதை வாங்கும்போது, இனித் திரும்பிப் போகும் உரிமை கோர மாட்டோம் என்ற சட்டப் படிவத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னார்கள். வைத்தவர்களில் பலருக்கு அதில் என்ன எழுதியிருந்தது என்று தெரியாது. முப்பது ஆண்டு கழித்து, 2012-ல், ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்களின் மனுவை ஏற்க மறுத்ததற்கு இந்த 1982 தீர்வுதான் முக்கியக் காரணமானது.

லண்டன் நீதிமன்றங்களில்

முப்பதாண்டு ரகசியக் காலம் முடிந்து கோப்புகள் திறந்தபோதுதான் மேலே சொன்ன குறிப்புகள் எல்லாம் வெளியே வந்தன. பான்குல்ட் வழக்குத் தொடுத்தார். 2000 நவம்பர் 3-ல் லண்டன் உயர் நீதிமன்றம் அந்த 1971 ஆணையைச் செல்லாது என்றது. ஒரு காலனியின் அமைதிக்கும் ஒழுங்குக்கும் நல்லாட்சிக்கும் சட்டம் இயற்றும் அதிகாரம் என்பது மக்களை ஆள்வதற்கானது, அவர்களை அப்புறப்படுத்துவதற்கானது கிடையாது என்பது தீர்ப்பின் உயிர்நாடி. வெளியுறவு அமைச்சர் ராபின் குக் மேல்முறையீடு செய்யாமல் ஏற்றுக்கொண்டார்.

2004 ஜூனில் மறுபடியும் அதே பழைய கருவி வெளியே வந்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லாமல், அரசியின் பெயரில் ஆணை: சாகோஸில் யாருக்கும் குடியிருக்கும் உரிமை இல்லை. கீழ் நீதிமன்றங்கள் இரண்டு முறை இதைத் தூக்கியெறிந்தன. 2008 அக்டோபர் 22-ல், அன்றைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் அவை 3-க்கு 2 என்ற கணக்கில் அரசு பக்கம் நின்றது. குடியிருக்கும் உரிமை சட்டம் படைத்தது, கொடுத்த சட்டமே அதை எடுத்துக்கொள்ளவும் செய்யலாம் என்று ஹாஃப்மன் பிரபு எழுதினார். ஒரு மக்களையே தாயகத்திலிருந்து துரத்த மன்னரின் தனியதிகாரத்தில் இடம் இருந்ததாக முன்னுதாரணமே காணோம் என்றார் சிறுபான்மைத் தரப்பில் நின்ற பிங்கம் பிரபு. அந்த விசாரணையில் 1865-ல் இயற்றிய காலனிச் சட்டங்களின் செல்லுபடி பற்றிய சட்டமும் வாதமாக வந்தது. 21-ம் நூற்றாண்டில், உயிரோடு இருக்கும் மனிதர்கள் தங்கள் ஊருக்குப் போகலாமா என்று முடிவெடுக்க அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது.

2010 ஏப்ரலில் பிரிட்டன் சாகோஸ் கடலைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. பவளத் திட்டுகளைக் காப்பது நல்ல காரியம்தான். ஆனால் அதே ஆண்டு இறுதியில் கசிந்த அமெரிக்கத் தூதரகத் தகவலில், இப்படி அறிவித்துவிட்டால் பழைய குடிகள் திரும்பும் கோரிக்கை அடிபட்டுப்போகும் என்று பிரிட்டிஷ் அதிகாரி சொன்னது பதிவாகியிருந்தது. மொரீஷியஸ் கடல் சட்ட உடன்படிக்கையின் கீழ் நடுவர் மன்றத்துக்குப் போனது. 2015 மார்ச் 18-ல், மீன்பிடி உரிமையும் தீவுகளைத் திருப்பித் தருவதாகச் சொன்ன வாக்கும் பிரிட்டனைக் கட்டுப்படுத்துபவை, அவற்றை மதிக்காமல் அறிவித்தது சட்டமீறல் என்று தீர்ப்பு வந்தது.

தி ஹேக் போன வழி

சரி, மொரீஷியஸ் ஏன் நேராகச் சர்வதேச நீதிமன்றத்தில் பிரிட்டன் மேல் வழக்குப் போடவில்லை? போட முடியாது. இரு நாடுகளும் ஒப்புக்கொண்டால்தான் அந்த நீதிமன்றம் விசாரிக்கும். நீதிமன்றத்தின் அதிகாரத்தைப் பொதுவாக ஏற்று பிரிட்டன் கொடுத்திருக்கும் அறிவிப்பில் ஒரு விலக்கு உண்டு: காமன்வெல்த் நாடுகளோடு உள்ள தகராறுகள் அதில் சேராது. பழைய காலனிகளில் பெரும்பாலானவை காமன்வெல்த்தில்தான் இருக்கின்றன. 2004-ல் மொரீஷியஸ், அப்படியானால் காமன்வெல்த்தை விட்டே விலகி வழக்குப் போடுகிறோம் என்று பேசியது. உடனே பிரிட்டன் அந்த அறிவிப்பைத் திருத்தி, முன்பு உறுப்பினராக இருந்த நாடுகளுக்கும் விலக்கை நீட்டியது. காலனியச் சட்டம் எங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டும் இடம் இந்த ஒற்றை வரிதான். யாரை அதிகம் ஆண்டார்களோ, அவர்களுக்கே கதவு சாத்தியிருக்கிறது.

ஆகவே மொரீஷியஸ் சுற்றுவழியில் போனது. ஐ.நா. பொதுச்சபை நீதிமன்றத்திடம் ஆலோசனைக் கருத்து கேட்கலாம். அதற்கு எந்த நாட்டின் சம்மதமும் தேவையில்லை. 2017 ஜூன் 22-ல் 94 நாடுகள் ஆதரிக்க, 15 எதிர்க்க, 65 ஒதுங்க, கேள்வி அந்த நீதிமன்றம் இருக்கும் தி ஹேக் நகருக்குப் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற முடிவெடுத்திருந்த பிரிட்டனுக்கு, அதன் பழைய கூட்டாளிகளில் பெரும்பாலோர் கைகொடுக்கவில்லை. அதே ஆண்டு நவம்பரில் நீதிபதித் தேர்தலில் இந்தியாவின் தல்வீர் பண்டாரிக்கு எதிராக நின்ற பிரிட்டிஷ் வேட்பாளர் விலகிக்கொண்டார். 1946-ல் நீதிமன்றம் தொடங்கியதிலிருந்து முதல் முறையாக அங்கே பிரிட்டிஷ் நீதிபதி இல்லை. காற்று திசை மாறியது எல்லோருக்கும் தெரிந்தது.

2018 செப்டம்பர் 3-ல் விசாரணை தொடங்கியது. மொரீஷியஸ் தரப்பில் முதலில் பேசியவர் முன்னாள் பிரதமர் அனிருத் ஜக்நாத். 1965 லங்காஸ்டர் மாளிகை மாநாட்டில் இளைஞராக உட்கார்ந்திருந்தவர்களில் உயிரோடு இருந்த ஒரே ஆள். சாகோஸ் மக்களை வெளியேற்றிய விதம் வெட்கத்துக்குரியது, தவறு என்று பிரிட்டிஷ் தரப்பு அங்கே ஒப்புக்கொண்டது. ஆனால் அது வேறு, இறையாண்மை வேறு என்றது. ஒரு சட்ட வாதத்தையும் வைத்தது: சுயநிர்ணய உரிமை 1965-ல் இன்னும் கட்டுப்படுத்தும் சட்டமாக ஆகவில்லை, அது ஆனது 1970-ல்தான். இந்த வாதம் லேசானது இல்லை. அந்தக் காலத்துச் செயலை அந்தக் காலத்துச் சட்டத்தால்தான் அளக்க வேண்டும் என்பது பழைய விதி. காலனிய அநீதிகளைப் பற்றிய எந்த வழக்கும் கடைசியில் முட்டி நிற்கும் சுவர் அது. அன்றைய சட்டத்தை எழுதியவர்கள் ஆண்டவர்கள்தானே.

2019 பிப்ரவரி 25-ல் தலைமை நீதிபதி அப்துல்காவி யூசுஃப் கருத்தை வாசித்தார். 1514-ம் தீர்மானம் இருந்த சட்டத்தை எடுத்துச் சொன்னதுதான், புதிதாக உண்டாக்கவில்லை. ஆகவே 1965-லேயே சுயநிர்ணயம் வழக்காற்றுச் சட்டம் என்றது நீதிமன்றம். அப்புறம் ராம்கூலத்தின் சம்மதம் பற்றி. ஒருவர் மற்றவரின் ஆட்சியின் கீழ் இருக்கும்போது, அவர்களுக்கு இடையிலானதைச் சர்வதேச உடன்பாடு என்று சொல்ல முடியாது. காலனியின் ஒரு பகுதியைப் பிரித்து இன்னொரு காலனி உண்டாக்கும்போது சம்மதத்தைக் கூடுதல் கவனத்தோடு ஆராய வேண்டும். அப்படி ஆராய்ந்தால் இது மக்களின் சுதந்திரமான, உண்மையான விருப்பம் கிடையாது. முடிவு, 13-க்கு 1 என்ற கணக்கில்: மொரீஷியஸின் காலனி நீக்கம் சட்டப்படி முடியவில்லை, சாகோஸ் மீதான நிர்வாகத்தை பிரிட்டன் கூடிய விரைவில் முடிக்கக் கடமைப்பட்டது.

எதிராக நின்ற ஒருவர் அமெரிக்க நீதிபதி டோனஹியூ. இரண்டு நாடுகளின் தகராறைச் சம்மதமில்லாமல் பின்வாசல் வழியே தீர்க்கிறோம் என்பது அவருடைய கவலை. சட்ட நோக்கில் மதிக்கத்தக்க கவலைதான். ஆனால் முன்வாசலைச் சாத்தியது யார் என்ற கேள்விக்கு அதில் பதில் இல்லை.

இந்தக் கருத்தின் மிகப் பெரிய பலம் சம்மதம் பற்றிய அந்தப் பகுதிதான் என்று நினைக்கிறேன். ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் எத்தனையோ எல்லைகளும் குத்தகைகளும் சுரங்க உரிமைகளும் உள்ளூர்த் தலைவர் கையெழுத்திட்டார் என்ற ஒற்றைக் காரணத்தால் நிற்கின்றன. கையெழுத்து வாங்கிய சூழ்நிலையைப் பார்க்க வேண்டும் என்று உலகின் உயர்ந்த நீதிமன்றம் சொன்னது, வெறும் 60 தீவுகளைப் பற்றிய விஷயம் இல்லை.

பலவீனம் அதே ஆவணத்தின் 181-வது பத்தியில் இருக்கிறது. சாகோஸ் வழிவந்தோர் உட்பட மொரீஷியஸ் குடிமக்களைத் தீவுகளில் மீள்குடியேற்றுவது மனித உரிமை சார்ந்த விஷயம். காலனி நீக்கத்தை முடிக்கும்போது பொதுச்சபை அதைக் கவனிக்க வேண்டும். அவ்வளவுதான். கப்பலில் ஏற்றப்பட்டவர்களுக்குச் சுயநிர்ணய உரிமை உள்ள தனி மக்கள் என்ற இடம் அங்கே கிடைக்கவில்லை. மொரீஷியஸ் குடிமக்களில் ஒரு பிரிவாக அடங்கிவிட்டார்கள். பிரிட்டனிலும் செஷல்ஸிலும் வாழ்பவர்கள் அந்த வரிக்குள் வரவே இல்லை. லிஸ்பி எலிசேயின் குரல் நீதிமன்றத்தில் ஒலித்தது உண்மை. ஆனால் அது மொரீஷியஸ் அரசின் வாதத்தில் ஒரு பகுதியாகத்தான் ஒலிக்க முடிந்தது, ஏனென்றால் அந்த நீதிமன்றத்தில் அரசுகளுக்குத்தான் வாய் உண்டு.

கருத்துக்குப் பிறகு

ஆலோசனைதானே, கட்டுப்படுத்தாது என்றது பிரிட்டன். 2019 மே 22-ல் பொதுச்சபை ஆறு மாதக் கெடு விதித்தது. 116 நாடுகள் ஆதரவு, எதிர்ப்பு ஆறே ஆறு. கெடு கடந்தது. ஆனால் மெல்ல மெல்ல நிலம் நழுவியது. 2021 ஜனவரியில் கடல் சட்டத் தீர்ப்பாயத்தின் சிறப்பு அமர்வு, மொரீஷியஸின் இறையாண்மையை அந்தக் கருத்திலிருந்தே வருவிக்கலாம் என்றது. உலக அஞ்சல் ஒன்றியம் அந்தப் பிரதேசத்தின் அஞ்சல்தலைகளை ஏற்பதை நிறுத்தியது. 2022 பிப்ரவரியில் மொரீஷியஸ் கப்பலில் போன சாகோஸ் மக்கள் பெரோஸ் பானோஸில் யாருடைய காவலும் இல்லாமல் காலடி வைத்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் பேச்சுவார்த்தைக்கு பிரிட்டன் இறங்கி வந்தது.

இடையில் இந்தக் கதைக்குள் தமிழர்களும் வந்து சேர்ந்தார்கள். 2021 அக்டோபரில், கனடாவை நோக்கிப் புறப்பட்டதாகச் சொன்ன 89 இலங்கைத் தமிழர்களின் மீன்பிடிப் படகு நடுக்கடலில் தத்தளித்தது. பிரிட்டிஷ் கடற்படை அவர்களை மீட்டு டியாகோ கார்சியாவில் இறக்கியது. வேலி போட்ட ஒரு சிறு முகாமில், எலிகள் திரியும் கூடாரங்களில், தனியார் காவலின் கீழ் மூன்று ஆண்டுகள். அதில் குழந்தைகளும் இருந்தார்கள். தற்கொலை முயற்சிகள் நடந்தன. அகதிகள் உடன்படிக்கை பிரிட்டனுக்குப் பொருந்தும், ஆனால் இந்தப் பிரதேசத்துக்கு அது நீட்டிக்கப்படவில்லை என்பது அரசின் நிலை. எல்லாம் தொடங்கியது 1965-ல்தான்: சட்டத்தின் கடமைகள் எட்டாத இடமாக ஒரு பிரதேசத்தை உண்டாக்கினால், அங்கே யார் வந்து விழுந்தாலும் அந்த எட்டாமை அவர்களையும் பிடித்துக்கொள்ளும். தீவுக்காரர்களைத் தீவிலிருந்து வெளியேற்ற உதவிய அதே ஏற்பாடு, இவர்களைத் தீவை விட்டு வெளியேற விடாமல் வைத்திருந்தது. 2024 டிசம்பர் 16-ல் அந்தப் பிரதேசத்தின் உச்ச நீதிமன்றமே, அவர்களைச் சட்டவிரோதமாக அடைத்து வைத்திருந்தார்கள் என்று தீர்ப்பளித்தது. அதே மாதம் பெரும்பாலானவர்களை பிரிட்டனுக்குக் கொண்டுபோனார்கள்.

2025 மே 22 ஒப்பந்தம்

கையெழுத்துப் போட்டவர்கள் பிரிட்டிஷ் பிரதமர் கீர் ஸ்டார்மரும் மொரீஷியஸ் பிரதமர் நவீன் ராம்கூலமும். 1965-ல் வில்சன் முன் உட்கார்ந்த ராம்கூலத்தின் மகன் இவர். ஒப்பந்தப்படி இறையாண்மை மொரீஷியஸுக்கு. டியாகோ கார்சியா தளம் 99 ஆண்டு பிரிட்டன் பொறுப்பில், ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடியே 10 லட்சம் பவுண்டு கட்டணத்துக்கு. சாகோஸ் மக்களுக்காக 4 கோடி பவுண்டில் ஓர் அறக்கட்டளை நிதி. டியாகோ கார்சியா தவிர்த்த தீவுகளில் மீள்குடியேற்றத் திட்டம் நடத்த மொரீஷியஸுக்குச் சுதந்திரம் உண்டு. சுதந்திரம்தான், கடமை இல்லை. டியாகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு அங்கே குடியேற வழியே இல்லை.

கையெழுத்தான அன்றைக்கு அதிகாலையில், பிரிட்டனில் வாழும் இரண்டு சாகோஸ் பெண்கள் உயர் நீதிமன்றத்தில் இடைக்காலத் தடை வாங்கினார்கள். எங்களைக் கேட்காமல் எங்கள் ஊரைப் பற்றி எப்படி முடிவெடுக்கலாம் என்பதே அவர்கள் கேள்வி. சில மணி நேரத்தில் தடை நீங்கியது, அன்றே கையெழுத்தும் ஆனது. பான்குல்ட் இந்த ஒப்பந்தத்தை வரவேற்றார். லண்டனுக்குத் தெற்கே கிராலி ஊரில் குடியேறியிருக்கும் பலர் எதிர்க்கிறார்கள். சிலருக்குத் தீவுகள் பிரிட்டனிடமே இருக்க வேண்டும், சிலருக்கு மொரீஷியஸ், இன்னும் சிலருக்கு எந்த அரசும் வேண்டாம். ஒரே குடும்பத்துக்குள்ளேயே பிளவு உண்டு. ஐம்பது ஆண்டு மூன்று நாடுகளில் சிதறி வாழ்ந்த மக்களிடம் வேறு என்ன எதிர்பார்க்க முடியும்? இந்தப் பிளவைக் காட்டி, அவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லையே, யாரைக் கேட்பது என்று சிலர் சொல்கிறார்கள். ஆளுக்கொரு கருத்து இருக்கும்போதுதான் வாக்கெடுப்பு என்ற ஒன்றே தேவைப்படுகிறது. பிறந்தவர்களின் பதிவேடுகள் இருக்கின்றன, வாரிசுகள் தெரிந்தவர்கள், மூன்று நாடுகளிலும் சங்கங்கள் இருக்கின்றன. ஐ.நா. இதைவிடக் கடினமான இடங்களில் வாக்கெடுப்பு நடத்தியிருக்கிறது. நீதிமன்றம் 181-வது பத்தியில் பொதுச்சபையிடம் ஒப்படைத்த வேலையை இங்கிருந்து தொடங்கலாம்: நிதியை யார் நிர்வகிப்பது, எந்தத் தீவில் முதலில் வீடு கட்டுவது, டியாகோ கார்சியாவின் கிழக்குக் கரையிலாவது குடியிருக்க விடுவதா என்று அவர்களிடம் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தின் பகுதியாக எழுதுவது.